ஏழு மறதிகள், ஏழுக்கும் தேதி: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பேச்சுவாக்கில் மறதியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதத் தபால் முழுக்க அதுதான். அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பேரன் அடம் பிடிக்கிறான் என்று எழுதிய வளசரவாக்கம் பாட்டி அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும். அடம் அதுவரை தாங்கும்.

கேள்வி: எனக்கு வயது 63. ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று மாதமாக மறதி ஜாஸ்தியாகிவிட்டது. அக்டோபர் 6 திங்கள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். 9 வியாழன், கூட வேலை பார்த்த தோழியை மார்க்கெட்டில் பார்த்தேன், பெயர் வாயில் வரவில்லை. 14 செவ்வாய், பீரோ சாவி. இப்படி ஏழு. என் அம்மாவுக்குக் கடைசி ஆறு வருடம் மறதி நோய். என்னையே "யாரும்மா நீ" என்று கேட்டவர். எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்ற நினைப்பில் ராத்திரி தூக்கமே இல்லை. மகளிடம் சொல்லவில்லை. (வாசகி, பெரம்பூர்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோடு போட்ட தாள், நீல மை, ஏழு மறதிகள், ஏழுக்கும் தேதி கிழமை. பால் பொங்கியபோது குக்கரில் எத்தனையாவது விசில் என்று எழுதியிருக்கிறீர்கள். தோழியின் பையில் முருங்கைக்கீரை இருந்தது, அவர் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அவர் உங்களுக்கு இரண்டு வருடம் ஜூனியர், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தன் மறதியை இத்தனை சுத்தமாக ஞாபகம் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி எனக்கு முதலில் வரும் கவலை அவருடைய தூக்கத்தைப் பற்றித்தான்.

முப்பத்தொரு வருடம் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். "என் ஞாபகம் போச்சு டாக்டர்" என்று தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். (நான் டாக்டர் இல்லை, உளவியலாளர் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு விட்டுவிட்டேன்.) சோதித்துப் பார்த்தால் பலருக்கு நினைவு வயதுக்குத் தகுந்தபடி சரியாகவே இருக்கும். சரியில்லாமல் இருந்தது மனசு. கணவர் இறந்து எட்டு மாதம், மகனுக்கு வேலை போனது, தூக்கம் கெட்டது, இப்படி ஏதோ ஒன்று. ஆராய்ச்சிகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன: ஒருவர் தன் நினைவைப் பற்றிச் சொல்லும் குறை, நினைவுச் சோதனையில் அவர் வாங்கும் மார்க்கோடு ஒத்துப்போவதைவிட, அவருடைய மனச்சோர்வோடும் பதற்றத்தோடும்தான் அதிகமாக ஒத்துப்போகிறது. "உங்கள் ஞாபகசக்தி எப்படி?" என்று கேட்டால், உள்ளே போய் நினைவை எடை போட்டுச் சொல்ல நமக்குத் தராசு கிடையாது. அன்றைக்கு மனசு கனமாக இருந்தால் ஞாபகம் போச்சு என்கிறோம்.

இதே பால் உங்கள் 35 வயதிலும் பொங்கியிருக்கும். அப்போது "போன்ல பேசிக்கிட்டே விட்டுட்டேன்" என்று துடைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். இப்போது அடுப்பைத் துடைக்கும்போதே அம்மா முகம் வருகிறது. பயம் வந்தால் கவனத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். கவனிக்காமல் வைத்த சாவி நினைவில் பதிவதே இல்லை, பிறகு எங்கிருந்து எடுப்பது? அடுத்த நாள் இன்னொரு மறதி, இன்னும் கொஞ்சம் பயம், நோட்டில் இன்னொரு தேதி.

தோழியின் பெயருக்கு வருகிறேன். நுனி நாக்கில் நின்று வராமல் போகும் இந்தத் தொல்லை இருபது வயதிலும் உண்டு, வயதாக ஆகக் கூடும், அதிலும் ஆட்களின் பெயரில்தான் அதிகம் கூடும். 1991-ல் டெபோரா பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். ஓசூர் மகன், ஜூனியர், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும். பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும், பிடித்து இழுக்க எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் வாசல் தெளிக்கும்போது பெயர் தானாக வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடைப்புக்குறிக்குள். மறந்ததற்குத் தேதி போட்டீர்கள். திரும்பி வந்ததை ஏன் அம்மா அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

சரி, இதையெல்லாம் சொல்லிவிட்டு உங்களைச் சும்மா அனுப்பமாட்டேன். பெற்ற தாய்க்கு இருந்ததென்றால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். அது தலையெழுத்து ஆகிவிடாது. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்பது 2023-ல் வந்த மதிப்பீடு. ஒரு தடவை முறையாகப் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுவதாகக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது பி12-ஐக் குறைக்கக்கூடிய மாத்திரை. சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், அதாவது குளோர்பெனிரமின் வகை, அப்புறம் அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைகள், இந்த வயதில் நினைவை மங்க வைக்கும். காதையும் பாருங்கள். சரியாகக் கேட்காதது நினைவில் எப்படி நிற்கும்?

மகளிடம் சொல்லிவிடுங்கள். அவர் உங்களை வெளியிலிருந்து பார்ப்பவர், அவர் சொல்வதற்கு மருத்துவரிடம் மதிப்பு அதிகம். ஏன் என்று அடையாறு வாசகிக்குச் சொல்லும் பதிலில் தெரியும்.

கேள்வி: தினமும் வல்லாரை சாப்பிட்டால் மறதி போகுமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: துவையல் அரைத்தால் தேங்காய் கொஞ்சம் கூட வையுங்கள், கசப்புத் தெரியாது. உடம்புக்கு நல்ல கீரை. அதற்குமேல் மாத்திரை, டப்பா, ஆயிரக்கணக்கில் ரூபாய் என்று போகாதீர்கள். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்றார்கள். நான் சாப்பிட்ட வெண்டைக்காய்க்கு இந்நேரம் ராமானுஜன் ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு 72. 2015 வெள்ளத்தன்று எதிர் வீட்டு வேப்பமரம் கார் மேல் விழுந்தது, நாலு நாள் கரண்ட் இல்லை, பால் வாங்க வரிசையில் நின்றபோதுதான் ஜெயலலிதா இறந்த செய்தி காதில் விழுந்தது என்கிறார். மரம் விழுந்தது வர்தா புயலில் என்று நான் சொன்னால், "என் கண்ணால பார்த்தேன், எழுதித் தரட்டுமா" என்று கத்துகிறார். யார் சரி? அவருக்குச் சோதனை ஏதாவது தேவையா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: நீங்கள்தான் சரி. வெள்ளம் 2015 டிசம்பர் 1, 2. ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பர் 5 இரவு. வர்தா அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 12. மூன்றும் டிசம்பர், மூன்றிலும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், மூன்றிலும் பால் கவலை. உங்கள் வீட்டுக்காரர் மூன்று டப்பாவையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். பழைய போனில் மரத்தின் போட்டோ இருந்தால் தேதி காட்டும். நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அவரிடம் நீட்டவேண்டாம்.

அவர் ஏன் அத்தனை உறுதியாக இருக்கிறார் என்பதுதான் சுவாரசியம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய ஒன்றேகால் நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே அட்லாண்டாவில் உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். செய்தியை எங்கே கேட்டாய், யார் சொன்னது, என்ன செய்துகொண்டிருந்தாய்? சுமார் இரண்டரை வருடம் கழித்து அதில் 44 பேரைப் பிடித்து அதையே திரும்பக் கேட்டார். நாலில் ஒருவருக்கு ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. ஆனால் சொன்னவர்கள் தயங்கவில்லை, நிச்சயமாகச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டினார்கள், அப்போதும் பழைய நினைவு திரும்பவில்லை. அத்தனை பேரும் கல்லூரிப் பிள்ளைகள், உங்கள் கணவருக்குப் பேரப்பிள்ளை வயது. பிறகு 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியும் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இப்படிப் பார்த்தார்கள். அந்த நினைவிலும் சாதாரண நாளின் நினைவிலும் விவரங்கள் ஒரே வேகத்தில்தான் பிசகின. தாக்குதல் நினைவின் பளிச்சும், அது அப்படியே நடந்தது என்ற நம்பிக்கையும் மட்டும் குறையவே இல்லை.

எனக்கும் ஒன்று உண்டு. 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். மறைந்த விடியற்காலை. திருவல்லிக்கேணி வீட்டு முற்றம், மர்பி ரேடியோ, டவராவில் ஆடை கட்டிப்போன காபி. அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான் என்று பல வருடம் என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். 2019-ல் அந்த வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் ஒரு பேங்க் டைரி கிடைத்தது. என் கையெழுத்து. "24 வியாழன். வேலூர், சித்தி வீடு. பஸ் இல்லை. கடைகள் மூடல். நாளைக்கும் போக முடியாது போல." அதைவிட ஒன்று: என் அப்பா இறந்தது 1986 ஆகஸ்டில்.

டைரியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3 அன்று அப்பா அழுதிருக்கலாம், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதற்கு டைரி இல்லை. டைரியைப் படித்து ஆறேழு வருடம் ஆகிறது. இப்போதும் எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னால் அந்தக் காபி டவராதான் கண்முன் வருகிறது. வேலூர் வரவே இல்லை.

ஆகவே உங்கள் கணவருக்கு இந்த விஷயத்துக்காகச் சோதனை வேண்டாம். பென்ஷன் கணக்கைத் தானே பார்க்கிறாரா, மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாரா, கோதண்டராமர் கோயிலுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வருகிறாரா? போதும். வேப்பமரத்தை அவருக்கே விட்டுக்கொடுங்கள். மாத்திரை, பணம் இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74. ஒரே கேஸ் சிலிண்டருக்கு இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டார். காலையில் கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறார். போன வாரம் முப்பது வருடமாகப் போய்வரும் பேங்கிலிருந்து வழி தெரியாமல் நின்று, ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் என்னைப் பைத்தியமாக்கப் பாக்குற" என்கிறார். (வாசகி, அடையாறு)

பதில்: காத்திருக்காதீர்கள் அம்மா, இந்த வாரமே போங்கள். பெரம்பூர் வாசகிக்கு ஏழு மறதியும் மனப்பாடம். உங்கள் அப்பாவுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை, அதுதான் வித்தியாசம். மறதி நோயில் பலருக்கு, தான் மறக்கிறோம் என்பதைக் கவனித்து வைக்கும் பகுதியும் சேர்ந்தே பழுதாகிறது. அவர் மறைக்கவில்லை, வீம்பும் இல்லை. அவர் கணக்கில் சிலிண்டருக்கு ஒரு தடவைதான் பணம் கொடுத்தார். நிரூபிக்க நினைத்து ரசீதை நீட்டினால் உங்களுக்குக் கிடைப்பது சண்டை மட்டும்தான். இதனால்தான் மருத்துவர்கள் வீட்டாரைத் தனியாகக் கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி என்று உறவினரிடம் கேட்பதற்கென்றே கேள்வித்தாள் இருக்கிறது. நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.

அவரிடம் "பிரஷர் பார்த்துட்டு வரலாம்பா" என்று சொல்லுங்கள். பொய் இல்லை, பிரஷரும் பார்ப்பார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. உங்களுக்குக் கிட்டத்தில் கிண்டி கிங் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை. மூத்த குடிமக்களுக்கான 14567 இலவச எண்ணிலும் பேசிப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் குழப்பம் எல்லாம் நாலைந்து நாளுக்குள் திடீரென்று வந்ததென்றால் இது வேறு கதை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தலையில் அடி என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது ஓ.பி. சீட்டுக்கு நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அப்பா இருந்தவரை அம்மாவை ஒரு நாள் நிம்மதியாக விட்டதில்லை. தட்டை வீசியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அம்மாவுக்கு 70. "உங்க தாத்தா மாதிரி வருமா" என்று பேத்தியிடம் சொல்கிறார். மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா? எனக்கு எரிச்சலாக வருகிறது. (வாசகர், அண்ணா நகர்)

பதில்: எரிச்சல் நியாயம் தம்பி. தட்டு உங்கள் கண்ணெதிரில் பறந்தது. ஆனால் இரண்டுமே இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தெரியும்போது மனிதர்கள் மனசுக்கு இதமானதைத் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. 2003-ல் அவரும் கூட்டாளிகளும் நல்ல படம், கெட்ட படம், சாதாரணப் படம் என்று கலந்து காட்டிப் பிறகு கேட்டபோது, வயதானவர்களின் நினைவில் கெட்ட படங்களின் பங்கு இளையவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது மூளை தளர்ந்து வருவது என்று நினைத்துவிடாதீர்கள். கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டுச் சோதித்தபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. அதாவது உங்கள் அம்மா தெரிந்தோ தெரியாமலோ உழைத்துத்தான் இந்த அப்பாவை உண்டாக்கியிருக்கிறார்.

அதற்காக நீங்களும் அந்த அப்பாவையே நம்ப வேண்டும் என்று இல்லை. பேத்தி பெரியவளாகிக் கேட்டால், நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்லலாம்.

கேள்வி: 67 வயதில் பாசுர வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் படிக்கும்போது எல்லாம் வந்துவிட்டது போல இருக்கிறது. அதுவும் கண்ணீர் வரவழைக்கும் பாசுரங்கள் நெஞ்சிலேயே பதிந்துவிட்டது போல இருக்கும். வகுப்பில் எழுந்து நின்றால் இரண்டாம் அடி வராது. இந்த வயதில் இது வீண் முயற்சியா? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: எங்கள் தெருப் பெண்ணா நீங்கள்! வீண் இல்லை. உங்களை ஏமாற்றுவது "வந்துவிட்டது போல" என்கிற அந்த உணர்வு. படித்து முடித்த கையோடு கேட்டால் எந்த வயதிலும் நம் கணிப்பு தப்பும், வரி இன்னும் கண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும் அல்லவா. உணர்ச்சி தொடும் சொற்கள் நினைவில் நிற்கும் என்று சோதனைகளில் எல்லோருமே கூடுதலாகக் கணிக்கிறார்கள். சில சமயம் நிற்கவும் செய்கிறது, நாம் நினைக்கும் அளவுக்கு எப்போதும் இல்லை. கண்ணீர் வந்தது, அதனால் பாசுரமும் வந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். அழ வைக்காத பாசுரத்தை நாலு தடவை கூடப் படிக்கிறீர்கள், அது வகுப்பில் வந்துவிடுகிறது. நான் சொல்வது சரியா?

நல்ல செய்தியும் உண்டு. வயதானால் நினைவு குறைகிறது, ஆனால் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துச் சொல்லும் திறமை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதைச் சரியான நேரத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 1991-ல் தாமஸ் நெல்சன், ஜான் டன்லாஸ்கி என்ற இருவர் காட்டியது இது: படித்தவுடன் கணிக்காமல் கொஞ்ச நேரம் தள்ளிக் கணித்தால் கணிப்பு மிக நன்றாகப் பொருந்துகிறது.

எனவே காலையில் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், சாம்பாரைக் கொதிக்க விடுங்கள். இறக்கும்போது முதல் அடியை மட்டும் நினைத்துக்கொண்டு இரண்டாம் அடி வருமா, வராதா என்று உங்களையே கேளுங்கள். வராது என்று தோன்றுவதற்குப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ராத்திரி புள்ளி வைத்ததை மட்டும் படித்தால் போதும். ஒரு மாதம் கழித்து எத்தனை புள்ளி மிச்சம் என்று எழுதுங்கள். கண்ணீர் வந்த பாசுரங்களில் எத்தனைக்குப் புள்ளி விழுந்தது என்றும் தனியாக எண்ணி எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.